மூன்றாம் ஈத்து

சிங்கப்பூரில், கிளமெண்டிக்குத் தெற்கே, பாண்டான் லூப் தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது எங்கள் ஆய்வகம். ஆலைக் கழிவுநீரின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் இடம் என்றதும், வருகிறவர்கள் ஏதோ பெரிய எந்திரத்தை எதிர்பார்க்கிறார்கள். நான் அழைத்துப் போவது ஒரு குளிர் அறைக்கு. அடுக்கடுக்காகக் கண்ணாடிக் குடுவைகள். உற்றுப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் புள்ளிகள் துள்ளிக்கொண்டிருக்கும். தண்ணீர்த் தெள்ளு. டாஃப்னியா என்பதுதான் எங்கள் வாயில் வரும் பெயர். அதே குடும்பத்தில் இன்னும் பொடிசான செரியோடாஃப்னியாவும் உண்டு.

அடுத்த அறையில் இருக்கும் வேதியியல் நண்பர்கள் தண்ணீரில் என்னென்ன இருக்கிறது என்று தேடுவார்கள். எங்கள் வேலை, அதில் உயிர் தங்குமா என்று பார்ப்பது. ஆலைக் கழிவை முழுசாக ஒரு குடுவையில், பிறகு 50, 25, 12.5, 6.25 சதவீதம் என்று பாதி பாதியாகக் குறைத்து மற்றவற்றில் வைப்போம். பிறந்து ஒரு நாள் ஆகாத குஞ்சுகளை விடுவோம். டாஃப்னியாவுக்கு 48 மணி நேரம். குடுவையை மெல்ல அசைத்து 15 விநாடி பார்க்க வேண்டும். அதற்குள் நீந்தாதது அசைவிழந்த கணக்கில் சேரும்.

செரியோடாஃப்னியா சோதனைதான் பொறுமையைச் சோதிப்பது. ஒரு கிண்ணத்துக்கு 15 மில்லி தண்ணீர், ஒரே ஒரு பெண் தெள்ளு. ஒவ்வொரு செறிவுக்கும் பத்துக் கிண்ணம். தினமும் தண்ணீரை மாற்றி, ஈஸ்டும் பாசியும் ஊட்டி, அன்று போட்ட குட்டிகளை எண்ணி எடுக்க வேண்டும். சுத்தமான தண்ணீரில் இருக்கும் ஒப்பீட்டுத் தெள்ளுகளில் 60 சதவீதம் மூன்றாவது முறை குட்டி போட்டதும் சோதனை முடிகிறது. ஏறக்குறைய ஒரு வாரம். ஊரில் பசுவுக்குச் சொல்வது போலவே நாங்கள் அதை மூணாம் ஈத்து என்போம். அந்த ஒப்பீட்டுக் கூட்டத்தில் 80 சதவீதமாவது பிழைத்திருக்க வேண்டும், பிழைத்த தாய்க்குச் சராசரி 15 குட்டிகளாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆலையின் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஆகவே இந்தத் தொழிலில் பாதிக்கு மேல் கால்நடை வளர்ப்பு. தீபாவளிக்கும் தீனி போட வேண்டும், சீனப் புத்தாண்டுக்கும் போட வேண்டும். பொட்டாசியம் டைகுரோமேட் கொடுத்து மந்தையின் உடல்நிலையை அவ்வப்போது பார்க்க வேண்டும். ஒரு நாளில் பாதி டாஃப்னியாவை முடக்கும் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் விழுந்தால் மந்தை சரியாக இருக்கிறது. அதற்கு மேலே போனால் அவை மரத்துப்போய்விட்டன, கீழே போனால் நோஞ்சானாகிவிட்டன. இரண்டுமே நல்ல சாட்சிகள் அல்ல.

இதைக் கற்றுக்கொண்டது ராணிப்பேட்டைப் பக்கம், தோல் ஷெட்டுகளின் கழிவு வந்து சேரும் ஒரு தனியார் ஆய்வகத்தில். பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகள் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, அந்தப் பகுதியில் கழிவுநீர் பரிசோதனை என்பது தெருவுக்குத் தெரு பேசப்படும் விஷயமாகிவிட்டது. இந்தியாவில் இதற்கு எழுத்தில் உள்ள விதி உண்மையிலேயே கம்பீரமானது. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின் ஆறாம் அட்டவணையில், பிஓடி, சிஓடி, குரோமியம் என்று நீளும் எண்களுக்கு நடுவே ஒரு வரி இருக்கிறது: நீர்க்காத முழுக் கழிவுநீரில் 96 மணி நேரம் கழித்து 90 சதவீத மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும். பத்து மீன் விட்டால் ஒன்று சாகலாம், இரண்டு சாகக்கூடாது. பல பணக்கார நாடுகளின் அனுமதிப் பத்திரங்களில்கூட இவ்வளவு நேரடியான நிபந்தனையைப் பார்ப்பது அரிது.

ஆனால் எந்த மீன் என்று அந்த வரி சொல்லவில்லை. ஜிலேபி கெண்டை என்று நம்மூரில் சொல்கிற திலாப்பியா, ஆக்சிஜன் குறைந்த சாக்கடையிலும் வம்சம் பெருக்கும். அதை வைத்துச் சோதித்தால் பாதிக் கழிவுகள் தேறிவிடும். ரோகு குஞ்சையோ வரி மீனையோ (ஜீப்ரா மீன்) வைத்தால் கதை வேறு. கன்சென்ட், அதாவது ஆலை நடத்தும் அனுமதி, புதுப்பிக்க வரும் ஷெட் மேனேஜர்கள் குரோமியம் அளவைக்கூடக் கேட்க மாட்டார்கள். “சார், மீன் பொழைச்சிடுமா?” என்பதுதான் முதல் கேள்வி.

பிழைப்பதும் சாவதும் நம் கையிலேயே இருக்கிறது என்பது போகப் போகத்தான் புரிந்தது. கோடையில் மின்சாரம் போய்க் காற்றுக்குழாய் நின்றால் மீன் மூச்சுமுட்டிச் சாகும். பழி ஆலையின் மேல் விழும். அதே குழாயைத் திறந்துவிட்டு இரவு முழுக்கக் காற்றடித்தால், தோலிலிருந்து முடி நீக்கப் போட்ட சல்ஃபைடு வாயுவாகப் பறந்துவிடும். மீன் பிழைத்து ஆலை தப்பிக்கும். இன்னொரு கோளாறும் உண்டு. காற்றடிக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறுகிறது. 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் தண்ணீரில் உள்ள அம்மோனியாவில் அரை சதவீதம் சொச்சம்தான் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8இல் அது ஐந்து சதவீதம், 9இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதாவது ஆற்றில் மீனைக் கொன்றிருக்காத தண்ணீர், என் தொட்டியில், என் காற்றுக்குழாயால், கொலைகாரத் தண்ணீராகிவிடும்.

தோல் கழிவு என்றால் எல்லாரும் குரோமியத்தைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள். சுத்திகரித்து வெளியே வரும் தண்ணீரில் மும்மை குரோமியம் பெரும்பாலும் சேற்றோடு படிந்துவிடும். மீனைச் சாய்ப்பது அநேகமாக அம்மோனியா, மிச்சச் சல்ஃபைடு, பிறகு சாதாரண உப்பு. பச்சைத் தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பு முழுக்க ஊறல் தண்ணீரில் வந்துவிடுகிறது. திருப்பூர்ச் சாயக் கழிவிலும் இதே கதைதான். அங்கே உப்பு சாயம் ஏறுவதற்காக. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டும் வெளியேறாதபடி செய்யும்வரை சாய ஆலைகளை மூடச் சொன்னபோது, நொய்யல் கரையில் மீன் சோதனைக்கே வேலை இல்லாமல் போனது. வெளியே வராத தண்ணீரில் எந்த மீனை விடுவது?

சிங்கப்பூர் வந்து கிளமெண்டியில் வீடு பார்த்துக் குடியேறிய பிறகு, இங்குள்ள விதிகளை எடுத்துப் படித்தேன். மீன் இல்லை, தெள்ளு இல்லை. தெளிவான எண்கள், அவ்வளவுதான். ஆலைக் கழிவு பொதுக் கழிவுநீர்க் குழாய்க்குப் போனால் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி: பிஓடி 400, சிஓடி 600, செம்பு 5, பாதரசம் 0.5, எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். குழாய் வசதி இல்லாமல் கால்வாயில் விட அனுமதி வாங்கினால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் விதி: பிஓடி 50, செம்பு 0.1. குடிநீருக்கு எடுக்கும் நீர்நிலைக்குப் போகும் கால்வாய் என்றால் பிஓடி 20, பாதரசம் 0.001.

அந்த 0.1 செம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். உப்புச்சத்து குறைந்த மென்னீரில் அதில் பாதிகூடத் தேவையில்லை, செரியோடாஃப்னியா செத்துப்போகும். கடின நீரில், இலைச்சாறு கலந்து பழுப்பேறிய தண்ணீரில், அதே 0.1 தெள்ளைத் தொடாமலே போகலாம். கரைந்திருக்கும் கரிமப் பொருள் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண் ஒன்றுதான், தண்ணீர் வேறு. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

இங்கே உயிர்ச் சோதனையே தெரியாது என்று சொன்னால் அது அநியாயம். கழிவுநீரையே மறுபடி சுத்திகரித்து எடுக்கும் நியூவாட்டரை மக்களிடம் கொண்டுவருவதற்கு முன் பிடோக்கில் நடந்த ஆய்வில், ஆரஞ்சு நிற மெடாக்கா மீன்களை அந்தத் தண்ணீரில் தலைமுறை தாண்டி வளர்த்தார்கள். நியூவாட்டரை 150 மடங்கும் 500 மடங்கும் செறிவூட்டி எலிகளுக்குக் கொடுத்தார்கள். நிபுணர் குழுவின் அறிக்கை 2002இல் வந்தது. ஆக, குழாயின் கடைசி முனையில் உயிரைச் சாட்சிக்குக் கூப்பிட்ட ஊர்தான் இது. ஆலை வாசலில் மட்டும் கூப்பிடவில்லை.

காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆலைக் கழிவு ஆற்றைப் பார்த்துப் போகிறது, அதனால் மீனைக் கேட்டார்கள். இங்கே விதிப்படி எல்லாம் கழிவுநீர்க் குழாயைப் பார்த்துப் போகிறது. என் வீட்டிலிருந்து அதிகத் தூரமில்லாத பழைய தோ தக் சாலைப் பக்கம் உலு பாண்டான் நீர் மீட்பு ஆலை இருக்கிறது. அதன் பக்கத்தில் 2007இல் வந்த நியூவாட்டர் ஆலை. அங்கே கழிவைத் தின்று தண்ணீரைத் தெளியவைப்பவை பாக்டீரியாக்கள். நஞ்சு வந்தால் முதலில் படுப்பவை அவைதான். இந்த ஊருக்குப் பொருத்தமான கேள்வி, அந்தப் பாக்டீரியாச் சேறு, அதாவது ஸ்லட்ஜ், மூச்சு விடுமா என்பது.

(காலையில் சுங்கை உலு பாண்டான் ஓரம் நடக்கும்போது நீர்நாய்கள் திலாப்பியாவை நறநறவென்று கடிப்பதைப் படமெடுத்துக்கொண்டே, ஆறு எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்பார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. ஜிலேபி கெண்டை கொடுக்கும் நற்சான்றிதழ்களை நிறையப் பார்த்தவன் நான்.)

ஸ்லட்ஜின் மூச்சை அளக்கும் சோதனை மலிவானது. ஆய்வகத்தில் வளர்க்கும் ஸ்லட்ஜுக்குச் செயற்கைக் கழிவுநீரை உணவாகக் கொடுத்து, ஆலைத் தண்ணீரைப் பல அளவில் கலந்து, மூன்று மணி நேரம் காற்றடித்து, பிறகு ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்க்க வேண்டும். அம்மோனியாவைத் தின்னும் நைட்ரஜன் பாக்டீரியாக்கள் மற்றவற்றைவிட மெல்லிய மனதுக்காரர்கள். அவற்றின் மூச்சைத் தனியாகக் கணக்கிட்டால் இன்னும் நல்லது.

இந்தச் சோதனையால் எனக்கு வந்து சேர்ந்த வேலைகளில் மறக்க முடியாதது ஓர் உணவுத் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். உலோகம் கிடையாது, கரைப்பான் கிடையாது, சாஸ் காய்ச்சும் இடம். அவர்களுடைய சொந்தச் சுத்திகரிப்புத் தொட்டி அடிக்கடி நுரைத்து, வெளுத்து, நின்றுபோய்க்கொண்டிருந்தது. பரிசோதனைத் தாள்கள் எல்லாம் விதிக்குள். பிஓடி பிரமாதமாகக் குறைந்திருந்தது. பிஓடி 400ஐத் தாண்டினால் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டிய ஊரில், அதைப் பார்த்து அவர்களுக்கு மகிழ்ச்சி. எனக்கு அந்த நல்ல எண்தான் உறுத்தியது.

விதிக்குள் இருந்தாலும் சிஓடி, அதாவது ரசாயனத்தால் அளக்கும் ஆக்சிஜன் தேவை, அதிகம்; பிஓடி மட்டும் குறைவு. பிஓடியே ஓர் உயிர்ச் சோதனை என்பதை அதை நாள்தோறும் செய்கிறவர்களே மறந்துவிடுகிறார்கள். ஐந்து நாளில் பாக்டீரியா எவ்வளவு ஆக்சிஜன் தின்றது என்பதுதான் அந்த எண். பாக்டீரியாவை மயக்கிப் போட்டால் எண் குறையும், தண்ணீர் சுத்தம் போலத் தெரியும். மூலத் தாளை வாங்கிப் பார்த்தேன். வழக்கமாக ஒரே மாதிரியைப் பல மடங்கு நீர்த்துச் செய்வார்கள், எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே பிஓடி வர வேண்டும். இங்கே நீர்க்க நீர்க்க பிஓடி ஏறிக்கொண்டே போனது. தண்ணீரில் நஞ்சு இருக்கிறது என்பதற்கு அதைவிட வெளிப்படையான சாட்சி வேண்டியதில்லை. அந்த ஆய்வகம் நடுவில் உள்ள ஓர் எண்ணை எடுத்து அறிக்கையில் போட்டுவிட்டிருந்தது.

மாதிரி எடுக்கப் போன புதுக்கோட்டைத் தம்பி, முதல் நாள் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, “அண்ணே, இது நம்ம வீட்டுத் தண்ணி மாதிரி இருக்கு, இதுலயா விஷம்?” என்றான். அவன் எடுத்தது காலைப் பத்து மணித் தண்ணீர். தெள்ளு துள்ளியது, ஸ்லட்ஜும் நன்றாக மூச்சு விட்டது. உணவு ஆலையில் குழாய், கொப்பரை எல்லாம் கழுவுவது இரவு ஷிப்டில். 24 மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்க்கும் தானியங்கியை வைத்தோம். பாட்டிலை விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, 36 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்க வேண்டும் என்பது முறை. துவாஸிலிருந்து பாண்டான் லூப் வர ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊரில் அது பிரச்சினையே இல்லை. எந்த நேரத்துத் தண்ணீர் என்பதுதான் பிரச்சினை.

சேர்ந்த மாதிரியில் நைட்ரஜன் பாக்டீரியா படுத்துவிட்டது. எதனால் என்று கண்டுபிடிக்கத் தனி முறை இருக்கிறது, அமெரிக்காவில் எண்பதுகளில் உருவாக்கியது. நஞ்சுள்ள தண்ணீரைப் பல பங்காகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒருவகைப் பொருளை முடக்க வேண்டும். இடிடிஏ போட்டு நஞ்சு அடங்கினால் உலோகம். தயோசல்ஃபேட் போட்டு அடங்கினால் குளோரின் வகை. கிளமெண்டி புளோக்குகளில் மீன் வளர்ப்பவர்கள் குழாய்த் தண்ணீருக்கு விடும் குளோரின் நீக்கியிலும் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. காற்றடித்து அடங்கினால் ஆவியாகும் பொருள். எண்ணெய்ப் பசையுள்ள கரிமத்தைப் பிடிக்கும் குழல் வழியே விட்டு அடங்கினால் அந்த வகை. எங்கள் மாதிரியில் இடிடிஏ பலிக்கவில்லை, தயோசல்ஃபேட் பலிக்கவில்லை. குழலில் விட்டபோது அடங்கியது. அதைவிட வேடிக்கை, பிளாஸ்டிக் பாட்டிலில் இரண்டு நாள் சும்மா வைத்திருந்தாலே பாதி அடங்கியது. ஏதோ ஒன்று பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான், அவர்கள் சமீபத்தில் மாற்றியிருந்த கிருமிநாசினியின் விவரத் தாளைக் கேட்டோம். குவாட்டர்னரி அம்மோனியம். கிருமியைக் கொல்லத் தயாரித்தது, கழிவுத் தொட்டியிலும் கிருமியைக் கொன்றுகொண்டிருந்தது. சட்டப் பட்டியலில் தேடினால் அந்தப் பெயரில் எண் கிடையாது.

பட்டியல் என்பது ஏற்கெனவே யாரோ சந்தேகப்பட்ட பொருள்களின் வரிசை. சந்தேகமே வராத பொருளைத் தெள்ளுதான் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவில் செரியோடாஃப்னியா சோதனை அனுமதிப் பத்திரங்களில் ஏறியபோது, பல நகராட்சிச் சுத்திகரிப்பு ஆலைகளே தோற்றன. ஆலை எதுவும் இல்லாத குடியிருப்புப் பகுதிகளின் கழிவிலும் தெள்ளு செத்தது. தேடிப் போனால் வீட்டுக்கு வீடு எறும்புக்கும் பூச்சிக்கும் அடித்த டயசினான் மருந்து. 2004 முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு அதன் விற்பனையே நின்றது. சியாட்டில் பக்க ஓடைகளில் மழை பெய்ததும் கோஹோ சால்மன் மீன்கள் செத்து மிதந்ததற்குக் காரணம் கார் டயர் ரப்பரிலிருந்து உருவாகும் ஒரு பொருள் என்று 2020இல்தான் தெரிந்தது. அதுவரை அந்தப் பொருளுக்குப் பெயர்கூட எந்தப் பட்டியலிலும் இல்லை.

தெள்ளு குற்றம் நடந்தது என்று சொல்லும், குற்றவாளியைச் சொல்லாது. அந்த மீதி வேலை விலை அதிகம், சில சமயம் முடிவே கிடைக்காது. அதனால்தான் ஆலைக்காரர்கள் பயப்படுகிறார்கள். செம்பு கூடினால் செம்பைக் குறைக்கலாம். தெள்ளு செத்தால் எதைக் குறைப்பது? அந்தப் பயம் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஜெர்மனியின் ஏற்பாடு இதில் புத்திசாலித்தனமானது: தண்ணீரை எத்தனை மடங்கு நீர்த்தால் நஞ்சு அடங்குகிறதோ அந்த எண்ணையும் சேர்த்துக் கழிவுநீர்க் கட்டணம் கணக்கிடுகிறார்கள். தோற்றால் கதவடைப்பு என்றில்லாமல், நஞ்சுக்கு ஒரு விலை. 2005 முதல் அங்கே முழு மீனுக்குப் பதில் வரி மீனின் முட்டைகள். மீனைச் சாகவிட்டு மணி பார்த்துக்கொண்டிருந்தவன் என்ற முறையில் அந்த மாற்றம் எனக்கு நிம்மதி.

சிங்கப்பூரில் இன்று எங்களிடம் வருபவர்கள், வெளிநாட்டுத் தலைமையகம் கேட்டதால் வருகிறவர்கள், அல்லது சொந்தத் தொட்டி படுத்துவிட்டதால் வருகிறவர்கள். “இங்கே சட்டம் கேட்கவில்லையே” என்பார்கள். உண்மைதான். ஆனால் துவாஸில் எழும்பும் புதிய நீர் மீட்பு ஆலையை நினைத்துப் பார்க்கிறேன். உலு பாண்டான், ஜூரோங் ஆலைகளின் வேலையை அது எடுத்துக்கொள்ளப் போகிறது. ஒரு நாளைக்கு 8 லட்சம் கன மீட்டர். அதில் வீட்டுக் கழிவு 6.5 லட்சம் ஒரு வழியில், ஆலைக் கழிவு 1.5 லட்சம் தனி வழியில். நியூவாட்டருக்கு இது நல்ல காவல். ஆனால் இதுவரை ஆலை நஞ்சை வீட்டுக் கழிவு ஓரளவு நீர்த்துக் காப்பாற்றிவந்தது. இனி தொழிற்சாலை வழியில் இருக்கும் பாக்டீரியாவுக்கு அந்தத் தயவு கிடைக்காது. பல ஆலைகள் ஒரே குழாயில் சேரும் அந்த இடத்துக்கு முன்னால், மருந்து, ரசாயன, கழிவு சேகரிப்பு ஆலைகளுக்காவது, மூன்று மணி நேர மூச்சுச் சோதனையை அனுமதிப் பத்திரத்தில் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

எழுதினாலும் ஒரு சண்டை பாக்கி இருக்கும்: யாருடைய ஸ்லட்ஜ்? வீட்டுக் கழிவில் வளர்ந்த பாக்டீரியாவை வைத்தால் எதற்கெடுத்தாலும் படுத்துக்கொள்ளும், ஆலைகள் கத்தும். தொழிற்சாலைக் கழிவில் பழகியதை வைத்தால் எதையும் தாங்கும், ஒன்றும் தெரியாது. இரண்டிலும் செய்ய வேண்டும் என்பேன். வாடிக்கையாளர் ஒன்றுக்குத்தான் காசு கொடுக்கிறார்; எதில் செய்தேன் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன்.